கண்ணுசாமிக்குப் போட்ட இலை

"திரும்பிடலாம் தங்கச்சி. மழை வரப்போவுது," என்றார் கண்ணுசாமி அண்ணன்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மரக்கிளைகளுக்கு நடுவே தெரிந்த வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. லேடாங் மலையில் பாதி ஏறியிருந்தோம். பாதை என்று ஒன்று இருந்ததே, அது காலையிலேயே முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு வேரைப் பிடித்துத் தொங்கி ஏறுவதும், மூங்கில் புதருக்குள் நுழைந்து முதுகைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும்தான்.

முன்னால் பாக் மாட், பிரம்பு வெட்டிப் பிழைக்கிற மலாய்க்காரர், பாராங் கத்தியால் வழி வெட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் என் அண்ணி. சாரோங் கைலியைத் தூக்கிச் செருகி, உள்ளே என் அண்ணனுடைய பழைய காற்சட்டையைப் போட்டிருந்தாள். அடுத்து நான். கடைசியாக எங்கள் தெருக்காரர் கண்ணுசாமி அண்ணன்.

"அட்டை கடிக்குதுண்ணே, அதுக்கு சவுக்காரம் தடவிக்குங்க. மழைக்கு நான் பொறுப்பு," என்றேன். எனக்கு அப்போதே எரிச்சல். கீழே இருந்தபோது கால் வலி, கொஞ்சம் ஏறியதும் புலி, இப்போது மழை. மனிதர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன வாரம் என் பெரியப்பாவைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய பேரப்பிள்ளைகள் வருத்தப்பட்டார்களாம். படட்டும். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் வருத்தப்படுவார்கள்.

ஓடிப்போனவன் வீடு

என் அண்ணன் பெயர் வடிவேலு. அவசரகாலத்தில், வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கோலாலம்பூரில் பட்டாளத்து விமானத் திடலில் கூலி வேலை பார்த்தான். காட்டுக்குள் இருந்த சிப்பாய்களுக்கு அரிசி, மீன் டின், மருந்து எல்லாம் விமானத்திலிருந்து போடுவார்கள். அதை மூட்டை கட்டுவது இவர்கள் வேலை. சில நாள் கூடவே ஏறிப் போய், மேலே கதவைத் திறந்து மூட்டைகளை உதைத்துத் தள்ள வேண்டும்.

"பொத்துன்னு விழும் பாரு சரசு, நம்ம ஊரு பலாப்பழம் மாதிரி," என்று லீவில் வரும்போது சொல்லிச் சிரிப்பான்.

அந்த விமானங்கள் எங்கள் ஊர் காஜா பெராங்குக்கு மேலேயும் பறக்கும். அவை போட்ட துண்டுக் காகிதங்களைப் பொறுக்கி வைத்து, பக்கத்துத் தெங்கேராவில் கச்சான் கடலை விற்கிறவன் பொட்டலம் மடிப்பான். 'சரணடைந்து விடுங்கள்' என்று அச்சடித்த காகிதத்தில் சுடச்சுடக் கச்சான் தின்று வளர்ந்த கூட்டம் நாங்கள்.

அண்ணன் காதலித்துக் கட்டிக்கொண்டது செட்டிக் கம்பத்துப் பெண்ணை. பெயர் தேவி. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டிகள் அவர்கள், நம்மைப் போல விபூதி பூசுகிறவர்கள்தான். ஆனால் பேச்சு மலாய், உடுப்பு கெபாயா ரவிக்கையும் சாரோங்கும். என் பெரியப்பாவுக்கு அது போதாதா? "தமிழ் தெரியாத மருமகள்" என்று கல்யாணப் பந்தலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பா இல்லாத வீடு எங்கள் வீடு. பெரியப்பா சொன்னதுதான் சட்டம்.

ஒரு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. மறு வாரமும் வரவில்லை. அதே வாரம் லேடாங் பக்கம் ஒரு விமானம் விழுந்ததாகப் பேச்சு வந்தது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

காண்ட்ராக்டர் ஆள் அனுப்பிச் சொன்னான்: "அந்த விமானத்துல நம்ம ஆளு யாரும் ஏறல. வடிவேலு வேலைக்கே வரல. ஓடிட்டான்."

அந்தக் காலத்தில் ஒரு வாலிபன் ஓடிவிட்டான் என்றால் எங்கே ஓடினான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். காட்டுக்குத்தான். போலீஸ் வந்தது. அரிசிப் பானையைக் கவிழ்த்தது. சாமிப் படங்களைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பின்புறம் பார்த்தது. அம்மாவை ஸ்டேஷனில் பகல் முழுக்க நிற்க வைத்தது. சமைத்த சோற்றில் எவனோ ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் கிண்டிப் பார்த்தான். மனிதனா அவன்?

நாலு வீடு தள்ளி இருந்த கண்ணுசாமி ஒருவர்தான் எங்கள் பக்கம் நின்றவர். அண்ணனோடு ஒன்றாக வேலைக்குப் போனவர். "அவன் ஏறலம்மா, நான் பார்த்தேன்," என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னார். ஊருக்கு வரும்போதெல்லாம் பிஸ்கட் டின் வாங்கி வருவார். கூரை ஒழுகினால் ஏறிச் சரி செய்வார். "இவனைப் போல ஒரு பிள்ளை உண்டா!" என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

அண்ணி போடாத இலை

பெரியப்பா அண்ணியை அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "காட்டுக்காரன் பொண்டாட்டியை வச்சிக்கிட்டு நாங்க போலீஸுக்குப் பதில் சொல்ல முடியாது." இவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். சொந்தத் தம்பி மகனைக் காட்டுக்காரன் என்று வாய் கூசாமல் சொன்னார்.

அதோடு விட்டாரா? வருஷா வருஷம் போகி நெருங்கும்போது செட்டிக் கம்பத்துக்கே போய் நிற்பார்.

அந்த மக்களுக்குப் போகியன்றுதான் பர்ச்சு. செத்துப்போன முன்னோர்களுக்குத் தலைவாழை இலை போட்டு, யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து வைத்து, பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஓர் இலைக்கு ஒரு பெயர். ஒருவனுக்கு இலை விழுந்துவிட்டால் அவன் செத்தவன். பிறகு பேச்சே இல்லை.

"வடிவேலுக்கு ஓர் இலையைப் போட்டு முடிச்சிடு. தாலியைக் கழட்டிடு. செத்தவன்னு ஆயிட்டா போலீஸ்காரனும் வரமாட்டான், எங்க வீட்டுப் பேரும் மிஞ்சும்," என்பார் பெரியப்பா.

அண்ணி வாசற்படியில் நின்றபடியே கேட்பாள்: "அவர் செத்தது நீங்க பார்த்தியா?"

"இல்ல."

"அப்ப நான் இலை போடமாட்டேன். உயிரோட இருக்கிற ஆளுக்கு இலை போட்டா, அலாமா, அது கொலை!"

அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும், மரியாதையும் ஒருமையும் கலந்து, நடுவே ஒரு மலாய் ஐயோவும் சேர்ந்து. ஆனால் சொன்னதில் ஒரு தப்பு உண்டா? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புருஷன் இருக்கிறானா, இல்லையா? இருந்தால் காத்திருப்பாள். இல்லாவிட்டால் இலை போட்டு, சோறு வைத்து, அழுது தீர்ப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணை வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள்.

நான் அப்போது கான்வெண்டில் படிப்பை முடித்து ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். எனக்கு வேண்டியது வேறு. என் அண்ணன் ஓடிப்போனவன் இல்லை என்று ஊர் வாயால் கேட்க வேண்டும்.

சந்தையில் வந்த சேதி

சுதந்திரம் வந்து, ஊரெல்லாம் கொடி கட்டிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மலைப் பக்கம் போக இருந்த தடையும் எடுபட்டுவிட்டது. அண்ணி சந்தையில் குவே செய்து விற்றுக்கொண்டிருந்தாள். பிரம்பு விற்க வந்த பாக் மாட் அவளிடம் பலகாரம் வாங்கித் தின்றுகொண்டே, மலையில் விழுந்த விமானத்தைத் தான் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். பட்டாளம் வருவதற்கு முன்பே பார்த்தவர் அவர்.

"செத்தவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க. ஒருத்தன் மட்டும் உங்க ஆளு மாதிரி இருந்தான்," என்றாராம். பட்டாளம் வந்து அங்கேயே புதைத்துச் சிலுவை நட்டுவிட்டுப் போனதாம்.

அண்ணி கூடையைக்கூட எடுக்காமல் துணிக்கடைக்கு ஓடி வந்தாள். "சரசு, போகணும். நீ படிச்ச பொண்ணு, நீ வா."

கண்ணுசாமியையும் கூப்பிட்டோம். விமானத்தைப் பற்றித் தெரிந்தவர் அவர்தானே? "அவன் ஏறவே இல்லைன்னு நான்தான் சொல்றேன்ல அக்கா," என்று மழுப்பினார்.

"ஏறல இல்ல? அப்ப வந்து காட்டு," என்றாள் அண்ணி. வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வராமல் இருந்தால் நாங்கள் என்ன நினைப்போம் என்று பயந்திருப்பார்.

பாக் மாட்டுக்கும் வழி சரியாக நினைவில்லை. ஓடையின் இடப்பக்கம் என்று கூட்டிப்போய், செங்குத்தான பாறையில் முட்டி நின்று, திரும்ப இறக்கி, வலப்பக்கம் ஏற்றினார். கண்ணுசாமி அப்போதெல்லாம் உற்சாகமாகிவிடுவார். "பார்த்தீங்களா, இங்க ஒண்ணுமே இல்ல." எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பிடித்து ஓடையில் தள்ளியிருப்பேன்.

சிறகு

முதலில் தெரிந்தது சிறகு. மரத்தில் ஏதோ கூரைத் தகரம் சிக்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் வரிசை வரிசையாக ஆணி. மேலே பாசி, கீழே காட்டுச் செடி. இன்னும் மேலே வயிறு கிழிந்த விமானம் கவிழ்ந்து கிடந்தது. எண்ணெய் நாற்றம் அத்தனை வருஷத்துக்குப் பிறகும் போகவில்லை.

சரிவு முழுக்க டின்கள் சிதறிக் கிடந்தன, துருப்பிடித்து, உப்பி, சில வெடித்து. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். மாட்டுக்கறி. கண்ணுசாமி அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளிச் சமமான இடத்தில் சிலுவைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தகரத் துண்டு, ஆணியால் குத்திக் குத்தி எழுதிய பெயர், பதவி. எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். வரிசையை விட்டு விலகி, மரத்தடியில் தனியாக ஒன்று. செத்த பிறகும் கூலிக்காரனைக் கூட வைத்துப் புதைக்க மனம் வரவில்லை, பாருங்கள்.

"என்ன போட்டிருக்கு? வாசி சரசு," என்றாள் அண்ணி. அவளுக்கு எழுத்துத் தெரியாது. என் கையைப் பிடித்திருந்தாள்.

நான் பாசியைத் துடைத்தேன். வாசித்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல் மறுபடி வாசித்தேன்.

"கண்ணுசாமின்னு போட்டிருக்கு அண்ணி. கூலின்னு போட்டிருக்கு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கண்ணுசாமி, அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கண்ணன் எங்கய்யா?" என்றேன். 'அண்ணே' என்று நான் அந்த ஆளைக் கூப்பிடுவது அத்தோடு நின்றது.

மாற்றிக்கொண்ட பாஸ்

"எனக்கு அப்ப காவடி விரதம் தங்கச்சி," என்று அழுதுகொண்டே ஆரம்பித்தார். "அன்னிக்கி ஏத்தினது முச்சூடும் மாட்டுக்கறி டின்னு. விரதக்காரன் எப்படித் தொடுறது? வடிவேலுதான், நீ இருடா, நான் போய்ட்டு வரேன்னான்."

அது அங்கே எல்லோரும் செய்கிற காரியம்தானாம். தைப்பூசம் வந்தால் விரதக்காரர்கள் அந்தச் சுமையைத் தொட மாட்டார்கள். அவர்களுக்குப் பதில் விரதம் இல்லாதவன் போவான். ஆனால் அன்றைய பட்டியலில் யார் பெயர் போட்டிருக்கிறதோ அவன் பாஸ் கழுத்தில் தொங்கினால்தான் விமானத்தில் ஏற விடுவார்கள். அதனால் பாஸையும் கழற்றி மாற்றிக்கொள்வார்கள். காண்ட்ராக்டருக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டான்.

என் அண்ணன் கண்ணுசாமியின் பாஸை மாட்டிக்கொண்டு ஏறினான். புதைக்க வந்தவர்கள் பிணத்தின் கழுத்தில் கிடந்ததைப் பார்த்துப் பெயரை எழுதினார்கள்.

"அப்புறம்?"

"கண்ணுசாமி செத்துட்டான்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பாஸ் மாத்துனது தெரிஞ்சா அவன் காண்ட்ராக்ட்டே போயிடும்னு, காண்ட்ராக்டர் என்னைக் கொண்டு போய் நிறுத்தி, பாருங்க துரை, உயிரோட நிக்கிறான், என் ஆளு யாரும் ஏறலன்னுட்டான். வடிவேலு ஓடிட்டான்னு சொல்லிட்டான். வாயைத் தொறந்தா, அடுத்தவன் பாஸைக் குடுத்தவன்னு உன்னைத் தூக்கி உள்ள வச்சிடுவாங்கன்னான். பயந்துட்டேன் தங்கச்சி."

பயந்துவிட்டாராம்! அம்மா ஸ்டேஷனில் நின்றபோது இவர் ஊரில்தான் இருந்தார். அண்ணி மூட்டையோடு படியிறங்கியபோது அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவளை விட்டுவிட்டு வந்தவரே இவர்தான். மகன் வருவான் வருவான் என்று வாசலைப் பார்த்தபடியே அம்மா செத்தாள். பாடைக்கு ஒரு தோள் கொடுத்தவர் இவர். அவர் தின்னக் கொடுத்த பிஸ்கட் எல்லாம் என் தொண்டைக்கு வந்தது.

காலிலிருந்த கான்வாஸ் சப்பாத்தைக் கழற்றினேன். அடித்தேன். தலை, தோள், எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. "சூடா, நாக், சூடா," என்று பாக் மாட் வந்து என் கையைப் பிடித்தார். போதும் மகளே என்று அவர் சொல்லலாம். அவருக்கா அண்ணன் போனான்?

அண்ணி என்னைத் தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. அந்த ஆளின் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டாள்:

"ஊர்ல வந்து சொல்வியா? எல்லார் முன்னாடியும்?"

"பிள்ளைக்குட்டிக்காரன் அக்கா... புடிச்சி உள்ள போட்டா அதுங்க நடுத்தெருவுல நிக்கும்..."

"சொல்வியா, மாட்டியா?"

"என்னை விட்டுடுங்க அக்கா..."

அண்ணி எழுந்தாள். குழிமேல் கிடந்த சருகை எல்லாம் கையால் ஒதுக்கினாள். நான், "கும்பிடுங்க அண்ணி," என்றேன்.

"வேற ஆள் பேர் இருக்கு. இந்தப் பேர்ல நான் கும்பிட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

போகி

ஊருக்கு வந்ததும் நான் தெருத்தெருவாய்ப் போய்க் கத்தினேன். யார் நம்பினார்கள்? கண்ணுசாமி, "வெயில்ல ஏறினது, தங்கச்சிக்குக் கொஞ்சம் தலை சுத்திடுச்சி," என்றார். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நல்லவன் மேல பழி போடாதே," என்று கண்டித்தார். அண்ணியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

போகியன்று அண்ணி எல்லோருக்கும் ஆள் அனுப்பினாள். பெரியப்பாவுக்கு, கண்ணுசாமிக்கு, அவர் சம்சாரத்துக்கு, எங்கள் தெருவுக்கே. இந்த வருஷம் கூடுதலாக ஓர் இலை போடுகிறாள் என்று சேதி.

பெரியப்பா சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தார். "இப்பவாவது புத்தி வந்ததே," என்று திருப்தியாக உட்கார்ந்தார்.

கூடத்தில் இலைகள் வரிசையாகக் கிடந்தன. சாம்பிராணிப் புகை, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்று வாசனை. கதவைச் சாத்தவில்லை. முற்றத்தில் நின்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று திறந்தே வைத்திருந்தாள். கண்ணுசாமி வேலியோரம் நின்றார். வராமல் இருக்க இப்போதும் அவருக்குத் தைரியமில்லை.

அவள் தன் தாத்தாவைக் கூப்பிட்டாள். அப்பாவைக் கூப்பிட்டாள். கடைசி இலைக்கு வந்தாள். அதில் வறுத்த நெத்திலி, தயிர், வாழைக்காய்ப் பொரியல் இருந்தன. என் அண்ணன் தயிரைத் தொடவே மாட்டான். யாருக்கு இது என்று நான் யோசிப்பதற்குள் அவள் குரலை உயர்த்தினாள்.

"கண்ணுசாமி! வா, சாப்பிடு!"

கண்ணுசாமியின் சம்சாரம், "ஐயையோ! உசிரோட நிக்கிற மனுசனுக்கு இலை போடுறாளே பாவி!" என்று அலறினாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று பெரியப்பா எழுந்தார்.

"மலையில செத்தது கண்ணுசாமின்னு போட்டிருக்கு. செத்தது நான் இல்லைன்னு அவர் ஊர்ல சொல்லல," என்றாள் அண்ணி, அவரைப் பார்க்காமலே. "வருஷா வருஷம் நான் இலை போடுவேன். எம்மகன் வளர்ந்தா அவனும் போடுவான்னு சொல்ல எனக்குப் பிள்ளை இல்ல. அதனால நானே போடுவேன். கண்ணுசாமி! பசிக்கும், வா!"

"கூப்பிடாதீங்க அக்கா!"

கண்ணுசாமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து படியில் விழுந்தார். "நான் இல்ல! அதுல போனது வடிவேலு! என் பாஸைப் போட்டுக்கிட்டு எனக்காகப் போனான்! ஓடல, அவன் எங்கயும் ஓடல!"

எல்லாவற்றையும் சொன்னார். விரதம், டின், காண்ட்ராக்டர், ஆபீஸ், எல்லாம். சம்சாரம் அவர் வாயைப் பொத்தப் பொத்தச் சொன்னார். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். அவரும் சரி, அவர் வீட்டாரும் சரி, இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. காண்ட்ராக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவன் பெரிய வீடெல்லாம் கட்டி நன்றாகத்தான் வாழ்ந்தான்.

அண்ணி அந்த இலையைச் சுருட்டி எடுத்து ஒதுக்கினாள். புதிதாக ஓர் இலையை விரித்தாள். தண்ணீர் தெளித்தாள்.

"இப்ப நீ கூப்பிடு," என்றாள் கண்ணுசாமியிடம். "நான் கூப்பிட மாட்டேன். நீதான் அனுப்பின. நீ கூப்பிடு."

அவர் படியிலிருந்து எழுந்து இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"வடிவேலு... வாடா... வந்து சாப்பிடு."

இத்தனை வருஷமும் நான் தொண்டை கிழியக் கத்தியது இதற்காகத்தான். ஊரே கேட்டுவிட்டது. என் அண்ணன் ஓடிப்போனவன் இல்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த ஆள் மேல் பாய்ந்து, சொன்னதைத் திரும்ப அவர் வாய்க்குள்ளேயே திணிக்க வேண்டும் என்று வெறி வந்தது. ஓடிப்போனவன் என்று அவனை ஏசிக்கொண்டிருந்த வரைக்கும், எங்கேயோ ஒரு காட்டில் அவன் உயிரோடு இருந்தான்.

அண்ணி குனிந்து இலையில் சோறு வைத்தாள்.